மடி மாமா

இலுப்பூரில் பாதிச் சண்டை தாய்மாமன் படத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஆரம்பிக்கும் என்பான் ஆனந்தராஜ். அதைச் சொல்ல அவனுக்கு முழுத் தகுதியும் உண்டு. பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பிளெக்ஸ் கடை அவனுடையது. கல்யாணம், கிடாவெட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பான். எல்லாவற்றையும்விடக் காதணி விழா பிளெக்ஸ்தான் அவனுக்குப் பெரிய தலைவலி. பிள்ளைக்கு மூன்று தாய்மாமன் இருந்துவிட்டால் தொலைந்தது. அடித்து முடித்த பிறகு ஒருவர் வந்து நின்று, "என் தலை மட்டும் ஏம்ப்பா சிறுசா இருக்கு?" என்பார். "அண்ணே, ஒங்க தலையே அம்புட்டுத்தாண்ணே," என்று ஆனந்தராஜ் சிரிக்காமல் சொல்வான்.

சண்டை வராமல் என்ன செய்யும்? தாயோடு பிறந்தவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும், அதே மடியில் வைத்துத்தான் ஆசாரி காது குத்த வேண்டும். அவன் கொண்டுவந்த கம்மல்தான் முதலில் காதில் ஏற வேண்டும். அவன் இல்லாமல் நடந்தால், "ஏன், அண்ணன் தம்பியோட பேச்சுவார்த்தை இல்லையா?" என்று பந்தியில் உட்கார்ந்தவன்கூடக் கேட்பான்.

ஆனந்தராஜுக்கு ஒரே ஒரு தங்கை, மணிமேகலை. அவளுக்கு ஒரே மகள், சுடர்விழி, ஏழு வயது. கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மூன்றாவது வயதில் காது குத்தலாம் என்று இருந்தபோது கொரோனா வந்தது. ஐந்தாவது வயதில் மணிமேகலையின் மாமனார் செத்துப்போனார். "ஏழுல கண்டிப்பா வச்சுருவோம்ணே," என்று மணிமேகலை சொல்லியிருந்தாள். ஆனந்தராஜ் கம்மலைச் செய்து பீரோவில் வைத்துவிட்டான். கடைக் கம்ப்யூட்டரில் மருமகளின் பிளெக்ஸும் தயாராக இருந்தது. நடுவில் கிரீடம் வைத்த சுடர்விழி, பக்கத்தில் அவள் உயரத்துக்குச் சரியாக அவன். ஊரார் தலையையெல்லாம் ஊதிப் பெரிதாக்குகிறவன் தன் தலையை மட்டும் உள்ளபடியே வைத்திருந்தான்.

அந்த மடிக்கு அவன் இவ்வளவு ஏங்கியதற்குக் காரணம் உண்டு. அவன் ஆவூர்க்காரி அற்புதமேரியைக் கட்டிக்கொண்டவன். மாதா கோயில் திருவிழாவுக்குப் பிளெக்ஸ் அடிக்க வந்த டீச்சர் அவள். அவள் எழுத்துப் பிழை திருத்த, இவன் வேண்டுமென்றே பிழை விட, அப்படியே ஆகிப்போனது. வேதக்காரப் பெண்ணைக் கட்டினான் என்று சொந்தபந்தம் மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியப்பா மகன் முத்துராஜ் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "இனிமே இவன் வீட்டுல கை நனைக்கிறவன் எனக்குப் பங்காளி இல்ல," என்று தொண்டை கிழியக் கத்தினான். அன்றைக்கு வயிற்றுப் பிள்ளைக்காரியாக, ஒற்றை ஆளாகப் பஸ் பிடித்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றவள் மணிமேகலைதான். "எம்புள்ளைக்கு எங்கண்ணன் மடிதான். வேற எவன் மடியிலயும் ஒக்கார வைக்க மாட்டேன், போங்கடா!" என்றாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஆனந்தராஜ் எத்தனையோ அவமானத்தைத் தாண்டி வந்துவிட்டான். அவனுக்கும் மேரிக்கும் பிள்ளை இல்லை. மாமா என்று கூப்பிட உலகத்தில் சுடர்விழி ஒருத்திதான்.

கூப்பிடுவதும் சாதாரணக் கூப்பாடா? ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு அவன் கண்ணை மூடுகிற நேரமாகப் பார்த்து, "மாமா, வாரீங்களா இல்லையா?" என்று போனில் அலறுவாள். போன லீவுக்கு வந்தபோது அவன் போனில் அவளே ஏற்றிவிட்டுப் போன விளையாட்டு அது. நாலு சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்றுகொண்டு படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தண்ணி இல்லாத நீச்சல் குளம் என்று கண்ட இடத்திலும் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்கேட்போர்டு என்று பேர். இலுப்பூர் ரோட்டில் அந்தப் பலகையை விட்டால் முதல் பள்ளத்திலேயே பல் போய்விடும். விளையாட்டில் அந்தக் கவலை இல்லை.

அதில் ஸ்டோரி மோட் என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற மைதானத்தை ஒரு காண்டிராக்டர் பூட்டுப் போட்டு மூடிவிடுகிறான். பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஜெயித்து மைதானத்தை மீட்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். ஒருவர் விழுந்தால் இரண்டு பேரும் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்கே போக வேண்டும். ஆனந்தராஜ் விழுவான். "மாமா! மறுபடியுமா?" என்று மருமகள் வைவாள். அவளிடம் வசவு வாங்குவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆடுவதைவிட ஆளை அலங்கரிப்பதில்தான் இருவருக்கும் நேரம் போகும். மூக்கு, முடி, சட்டை, செருப்பு, காது, பலகையில் ஒட்டுகிற படம் என்று எல்லாவற்றையும் நாமே மாற்றலாம். ஆனந்தராஜுக்கு இது தொழில், சொல்லவா வேண்டும்? சுடர்விழி தன்னைப் போலவே இரட்டைச் சடைப் பெண் ஒன்றைச் செய்திருந்தாள். தன் அணியில் அம்மாவையும் மாமாவையும் செய்து நிறுத்தியிருந்தாள். "மீசை பத்தலையே மாமா, இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். வேட்டி இல்லாததால் சாம்பல் கலர் பேண்ட் போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிறு அவள் ஆட வரவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். எந்த ஊர் என்று இவனும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தபோது, அவளுடைய பெண் தலையில் பெரிய தொப்பி ஒன்றைக் கவிழ்த்திருந்தாள்.

"என்னத்தா, புதுசா தொப்பியெல்லாம்?"

"சும்மா மாமா."

"மூஞ்சியே தெரியலையே. கழட்டு, பாப்போம்."

பிறகு தொப்பி போனது. உள்ளே சந்தனக் கலர் பூசிய மொட்டைத் தலை. இரண்டு காதிலும் சிவப்புக்கல் கம்மல்.

"அடி ஆத்தீ! மொட்ட போட்டுவிட்டுட்டியா!" என்று ஆனந்தராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஒரு வாரமாக மணிமேகலை வீடியோவில் வரவில்லை. கேமரா போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, ஒனக்கும் நெசமாவே மொட்டையா?"

தொப்பி மறுபடி தலையில் ஏறியது.

"காது குத்தியாச்சா தங்கம்?"

"அம்மா ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க மாமா," என்றாள் சுடர்விழி, அழுகிற குரலில். "நான் சொல்லவே இல்ல. பொம்மைக்குத்தான் போட்டேன்."

உடனே தங்கைக்குப் போன் போட்டான். மணிமேகலை முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் தேன் ஒழுகியது. பிள்ளைக்குத் தலையெல்லாம் சூட்டுக் கொப்புளம், அதனால் மொட்டை போட்டோம் என்றாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கம்மல் போட்டிருக்கிறதுகள், இவள் ஒரே அழுகை, அதனால் பக்கத்து டாக்டரிடம் போய்ச் சும்மா ஒரு ஊசி குத்திவிட்டோம் என்றாள். "அது கணக்குலயே சேராதுண்ணே. கோயில்ல வச்சு முறையாச் செய்யிறப்ப ஒன் மடிதான். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை," என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால், சூட்டுக் கொப்புளத்துக்கு எந்த ஊரில் சந்தனம் தடவி மொட்டை போடுகிறார்கள் என்று கேட்டிருப்பான். சொன்னவள் மணிமேகலை. ஏமாந்த சோணகிரி நம்பிவிட்டான். நம்பியது மட்டுமா, தங்கையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமும் பட்டான். மேரியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் மிக்சியைப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு சுடர்விழியின் அணியில் நாலாவதாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி, தோளில் பச்சைத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். இவன் தலைக்கு மேல் 'மடி மாமா' என்று இருந்தது.

ஆனந்தராஜின் கை அப்போது ஆட்டத்தில் இருந்தது. நீளமான கைப்பிடிச் சுவர் ஒன்றின் மேல் போய்க்கொண்டிருந்தான்.

"இது யாரு ஆத்தா?"

"அன்னைக்குக் கோயில்ல இருந்த மாமா. அவரு மடியிலதான் என்னைய ஒக்கார வச்சாங்க." அம்மா சொல்லக் கூடாது என்ற விஷயம் ஏற்கெனவே வெளியில் வந்துவிட்டதால், பிள்ளை இப்போது தாராளமாகப் பேசியது. "நான் எங்க மாமா மடியிலதான் ஒக்காருவேன்னு அழுதேன். அப்பத்தா அதட்டுனாங்க. அப்புறம் அவரு பலூன் வாங்கிக் குடுத்தாரு."

"எந்தக் கோயிலு?"

"பொன்னமராவதிகிட்ட. அப்பத்தா வீட்டுச் சாமி. கெடாயெல்லாம் வெட்டுனாங்க."

"அந்த மாமா பேரு என்ன?"

"முத்துராஜ் மாமாவாம்."

ஆனந்தராஜ் சுவரிலிருந்து தலைகுப்புற விழுந்தான். இரண்டு பேரும் கட்டத்தின் ஆரம்பத்துக்குப் போனார்கள். "மாமா! வுழுந்துட்டீங்க! எந்திரிங்க!" என்று அந்தப் பக்கம் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

பொன்னமராவதி! கோயம்புத்தூரிலோ மலேசியாவிலோ நடந்திருந்தால் பரவாயில்லை. வீட்டிலிருந்து பைக்கை எடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடுகிற தூரத்தில், கிடா வெட்டி, பந்தி போட்டு, காதும் காதும் வைத்தாற்போல் காது குத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். அதுவும் யார் மடியில்? நடுத்தெருவில் நின்று பங்காளி இல்லை என்று கத்தியவன் மடியில். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, இதைத் தவிர வேறெதற்கு அந்தப் பேர் பொருந்தும்?

இந்தத் தடவை மணிமேகலை போனை எடுக்கவில்லை. விடாமல் அடித்த பிறகு எடுத்தாள். தேன் எதுவும் இல்லை.

"அத்த ஒரே புடியா நின்னாங்கண்ணே," என்று அழுதாள். அத்தை என்பது அவள் மாமியார் சொர்ணவல்லி. "அண்ணி வந்தா கோயில் படியே ஏற மாட்டேன்னுட்டாங்க. அண்ணிய விட்டுட்டு ஒன்ன மட்டும் கூப்புட்டா நீ வருவியா? வர மாட்ட. ஏழு தாண்டுனா அப்புறம் ஒம்பதுதான். நான் என்னதான் செய்யட்டும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ சண்ட போடுவ."

"அதுக்காக முத்துராஜா? ஊருல வேற மடியே கெடைக்கலையா ஒனக்கு?"

"அத்ததான் சொல்லிவிட்டாங்க. அண்ணன் முறைன்னு ஒருத்தரு வேணுமில்ல?"

அண்ணன் முறை. ஆனந்தராஜ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். அதற்குள் அவள் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"ஆவணியில இலுப்பூருல வச்சு இன்னொரு தடவ செஞ்சுருவோம்ணே. ஒன் மடியில வச்சுக்க. ஒன் கம்மலையே போடுவோம். போட்டோ எடுத்துக்குவோம், பிளெக்ஸ் அடிச்சு ரோட்டுல வையி. யாருக்குத் தெரியப் போவுது?"

"குத்துன காதுல நான் எதக் குத்துறது மணி?"

பதில் இல்லாதவர்கள் அடுத்தவரை இழுத்துப்போடுவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். "என்ன மட்டும் சொல்லாதண்ணே. அண்ணிக்கும் தெரியும். முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க சரின்னதுக்கப்புறந்தான் தேதியே வச்சோம்."

மேரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனந்தராஜ் படியேறி வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சேலையை வாளியிலேயே போட்டாள்.

"அன்னைக்கு ஒங்கம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு என்ன ஆவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே, அந்த ஞாயித்துக்கெழமைதானா?"

"ஆமாங்க."

அன்றைக்கு ஆவூரில் போய் இறங்கியபோது மாமியார் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்த சந்தோஷத்தில் நோய் பறந்துவிட்டது என்று இவன் கேலி பேசினான். மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுத் தூங்கினான். அங்கே மருமகள் மாமா மடி வேண்டும் என்று அழுத நேரத்தில் இங்கே குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீ எதுக்கு அவங்களுக்குக் கையாளாப் போன?" என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"மணி போன்ல அழுதாங்க. நான்தான் எல்லாத்துக்கும் எடைஞ்சல்ங்கிற மாதிரி பேசுனாங்க." மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னப் பாத்து ஒங்க ஆளுங்க மொகஞ் சுளிக்கிறது எனக்குப் பழகிப்போச்சுங்க. ஆனா நீங்க சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி, கோயில் வாசல்ல நிக்க வச்சு அவங்க ஒங்கள ஏதாவது சொல்லிட்டா? அத என்னால பாக்க முடியாது. தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன்."

"அவமானப்பட்டா நான் பட்டுக்கிறேன். அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது. ஒன்ன வேணாங்கிறவங்க என்னையும் வேணாங்கிறவங்கதான். அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். நீயும் சேந்துக்கிட்டு என்ன மீனு திங்க வச்சுத் தூங்க வச்சிருக்க!"

மேரி வாளியிலிருந்த சேலையை எடுத்துப் பிழிந்தாள். அவள் நல்லதுக்குத்தான் செய்தாள் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. தங்கை ஏமாற்றியதுகூட ஒரு கணக்கில் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறவள் ஒரு மாதம் முழுக்க வாயைத் திறக்காமல் சோறு போட்டிருக்கிறாள். அந்த வாரம் அவன் மூன்று வேளையும் ஓட்டலில் தின்றான். மேரி தினமும் சமைத்து மூடி வைத்தாள்.

கடையிலும் தகராறுதான். காதணி விழா பிளெக்ஸுக்கு ஒருவர் வந்து, பெரிய மாமன் படம் வலப்பக்கமா, சின்ன மாமன் படம் வலப்பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "மடி குடுக்கப் போறது யாருன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கிட்டு வாங்க. அப்புறம் படம் ஒட்டலாம்," என்று ஆனந்தராஜ் வெடுக்கென்று சொல்லிவிட்டான். வந்தவர் முகம் செத்துப்போய் எதிர்ச்சாரியில் இருக்கிற கடைக்குப் போய்விட்டார். ஆனந்தராஜ் தன் கம்ப்யூட்டரில் இருந்த மருமகளின் பிளெக்ஸைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு தன்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பிள்ளையை அப்படியே விட்டான்.

அந்த ஞாயிறு அவன் ஆடப் போகவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தான். தாயும் பாட்டியும் செய்ததற்கு அந்தச் சின்ன உயிர் என்ன பண்ணும் என்று தோன்றியது. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

மருமகளின் பெண் பழையபடி இரட்டைச் சடையோடு நின்றது. கம்மல் இல்லாமல் காது மூளி. அணியில் மூன்றே பேர். மடி மாமாவைக் காணோம்.

"அந்த மாமா எங்கத்தா?"

"அம்மா அழிக்கச் சொன்னாங்க மாமா. கம்மலையும் எடுக்கச் சொன்னாங்க. அதெல்லாம் பாத்தா நீங்க சங்கடப்படுவீங்களாம்." சுடர்விழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா, நெசமா என் காதுலயும் இருக்குதே. அதையும் கழட்டணுமா?"

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள், பாவிகள்!

"கழட்டாத தங்கம். புண்ணு ஆறுற வரைக்கும் கழட்டக் கூடாது. பொம்மைக்கும் மாட்டிவிடு."

"அந்த மாமாவ?"

"அவரையும் வையி. நீ அழுதப்ப பலூன் வாங்கித் தந்தாருல்ல."

"எம்மேல கோவமா மாமா?"

"ஒம்மேல எனக்கென்னத்தா கோவம்? எல்லாரும் எங்கிட்ட பொய் சொன்னாங்க. நெசத்தச் சொன்னது நீ ஒருத்திதான்."

இதைச் சொல்லும்போது அந்தப் பக்கம் வேறொரு மூச்சுச் சத்தம் கேட்டது. மணிமேகலை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணே," என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "வந்துட்டியாண்ணே? கோவமெல்லாம் போயிருச்சா? எனக்கு ரெண்டு வாரமா சோறு எறங்கலண்ணே. எங்கூட ஒரு வார்த்த பேசு."

ஆனந்தராஜ் பேசினான். ஆனால் அவளிடம் இல்லை.

"சுடரு, ஒங்கம்மாகிட்ட சொல்லு. மாமா ஒங்கூட வெளையாட மட்டுந்தான் வந்திருக்காருன்னு சொல்லு."

பிள்ளைக்கு என்ன தெரியும்? கேட்டதை அப்படியே ஒப்பித்தாள். "அம்மா, மாமா எங்கூட வெளையாட மட்டுந்தான் வந்திருக்காராம்."

மணிமேகலை அழுவது கேட்டது. பக்கத்திலேயே இருந்து அழுதாள், எழுந்து போகவில்லை. இயர்போனைக் கழற்றிவிட்டால் அந்த அழுகை நின்றுவிடும், ஆனால் மருமகளின் பேச்சும் அதில்தான் வந்துகொண்டிருந்தது. "ரெடியா மாமா? இந்தத் தடவ வுழுவக் கூடாது," என்றாள் அவள். "ரெடித்தா," என்றான் ஆனந்தராஜ்.